கதவைத் திறந்த உழவர்: ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார்



எமது ஞாயிறு தமிழ் வகுப்பில் பெரியோர் சிலரின் வாழ்க்கையைச் சிறார்களுக்குச் சொல்லி வருகிறோம். சென்ற மாதம் ஒரு வகுப்பில், 1947-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் கொண்டுவரப்பட்டதைப் பற்றிப் பேச நேர்ந்தது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கையை உயர்த்தி, "கோயிலுக்குள்ளை போறதுக்கு ஏன் ரீச்சர் சட்டம்?" என்று கேட்டாள். இந்த நாட்டில் பிறந்த பிள்ளை அவள். கோயில் என்றால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை, சப்பாத்தைக் கழற்றி வைக்கும் தட்டு, பிரசாதம், தோழிகள். கோயில் வாசலில் ஒருவரை நிறுத்திவிட முடியும் என்பது அவளுக்குத் தெரியாது.

அவளுக்கு ஒரு நல்ல பதில் சொல்ல வேண்டும் என்றே இந்தக் கட்டுரையை எழுத முற்பட்டோம். அந்தச் சட்டம் வந்தபோது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் ஓர் உழவர். திண்டிவனத்துக்கு அருகே ஓமந்தூர் என்ற கிராமத்தில் பிறந்த இராமசாமி ரெட்டியார் அவர். ஊரின் பெயரே அவர் பெயராகி, 'ஓமந்தூரார்' என்றே தமிழ் மக்கள் அவரை அழைத்தார்கள்.

ஊரும் மண்ணும்

ஓமந்தூரார் 1895-ஆம் ஆண்டு பெப்ரவரி 1-ஆம் நாள் பிறந்தார். அன்றைக்கு அவ்வூர் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1993-இல் அம்மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபின் விழுப்புரம் மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. திண்டிவனத்திலுள்ள மிஷன் பள்ளியில் படித்தார். பட்டம் பெற்று வழக்கறிஞராகி அரசியலுக்கு வந்த அக்காலத் தலைவர்கள் பலரைப் போன்றவர் அல்லர் அவர். விவசாயமே குடும்பத் தொழில்.

அந்தப் பகுதியின் விவசாயத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அங்கே தஞ்சாவூரைப் போல ஆற்றுப் பாசனம் கிடையாது. ஏரியும் கிணறும் வானமுமே துணை. ஏரி நிறைந்தால் நெல். இல்லையென்றால் கம்பு, கேழ்வரகு. வெள்ளைக்காரர் ஆட்சியில் நிலக்கடலை பெரிதாகப் பரவியது. அவ்வட்டாரத்தில் அதை மணிலாக்கொட்டை என்பார்கள். மணிலா மூட்டைகள் புதுச்சேரித் துறைமுகம் வழியாகக் கப்பலேறிப் பிரான்ஸ் நாட்டு மார்செய்ல் வரை எண்ணெய்க்காகச் சென்றன. விலை ஏறினால் குடியானவன் வீட்டில் கல்யாணம் நடக்கும். 1930-ஐ ஒட்டி உலகமெங்கும் வியாபாரம் படுத்தபோது அதே மணிலா விலை விழுந்து, பல குடும்பங்கள் கடனில் மூழ்கின. தன் வயலில் விளைந்ததன் விலையைத் தான் அறியாத யாரோ எங்கோ தீர்மானிப்பதை அந்த ஊர் உழவர் கண்ணால் கண்டார்கள்.

கிஸ்தியும் ஜமீனும்

சென்னை மாகாணத்தில் நிலவரி வாங்கும் முறை இரண்டு விதமாக இருந்தது. இதைப் புரிந்துகொண்டால்தான் ஓமந்தூரார் பின்னால் செய்தவை விளங்கும்.

ஒன்று ரயத்துவாரி. இங்கே குடியானவன் பெயரிலேயே பட்டா இருக்கும். அவன் வரியை, அதாவது கிஸ்தியை, நேரே சர்க்காருக்குக் கட்டுவான். 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ இம்முறையை உறுதியாக நிலைநாட்டியவர். தென்னார்க்காட்டில் பெரும்பாலும் இதுவே வழக்கம். ஓமந்தூராரின் குடும்பமும் இவ்வாறு நேரே கிஸ்தி கட்டிய குடும்பந்தான். மழை பொய்த்த ஆண்டிலும் தாசில்தார் கிஸ்தி கேட்பார். கஷ்டம் உண்டு, ஆனாலும் நிலம் தன்னுடையது என்ற தெம்பு உண்டு.

மற்றொன்று ஜமீன்தாரி. 1802-ஆம் ஆண்டு ஒழுங்குச் சட்டத்தின்படி, சில பகுதிகளில் ஜமீன்தார் ஒருவர் சர்க்காருக்கு நிரந்தரமாக நிர்ணயித்த ஒரு தொகையைக் கட்டிவிட்டு, குடிகளிடம் வாரம் வசூலித்துக்கொள்வார். சர்க்காருக்குக் கட்டும் தொகை ஏறாது. குடியிடம் வாங்குவது மட்டும் பலவிதங்களில் ஏறும். உழுபவன் தலைமுறை தலைமுறையாக உழுதாலும், நிலத்தைத் தன்னுடையது என்று சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. 1908-இல் ஒரு சட்டம் குடிகளுக்குச் சில உரிமைகளைக் கொடுத்தது. ஆனால் ஜமீன் முறை அப்படியே நின்றது.

அரசியலுக்கு வந்த வழி

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் ஒரு கிராமத்து உழவர் அரசியலுக்கு வருவது எளிதன்று. வாக்குரிமையே எல்லோருக்கும் கிடையாது. சொத்தோ, கட்டிய வரியோ, படிப்போ இருந்தால்தான் வாக்கு. சென்னைச் சட்டசபையில் பெரும்பாலும் ஜமீன்தார்களும் வழக்கறிஞர்களும் பெரும் வியாபாரிகளும் அமர்ந்திருந்தார்கள்.

காந்தியடிகள் காங்கிரசைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்ற பிறகே இது மாறியது. கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு என்ற மூன்றும் கிராமத்தில் வாழ்பவன் தன் வீட்டிலிருந்தே தொடங்கக்கூடிய வேலைகள். ஓமந்தூரார் அந்த வழியில் வந்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். பின்னர் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவராகவும் இருந்தார். மேடைப் பேச்சில் வல்லவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. சொன்ன சொல்லில் நிற்பவர் என்றுதான் சொன்னார்கள்.

அவருடைய வாழ்வில் மற்றொரு இழையும் உண்டு. அவர் வடலூர் இராமலிங்க வள்ளலாரிடத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். திருவண்ணாமலை இரமண மகரிஷியின் அடியவர். சோறிடுவதும், சாதி பாராமல் எல்லா உயிரையும் ஒன்றாக எண்ணுவதுமே வழிபாடு என்பது வள்ளலார் காட்டிய நெறி. ஓமந்தூராருக்குப் பக்தி வேறு, அரசியல் வேறு என்று இருக்கவில்லை.

1947: பொறுப்பு வந்தது

1937-இல் நடந்த தேர்தலில் காங்கிரஸ் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159 இடங்களை வென்றது. இராஜாஜி ஆட்சி அமைத்து 1939 வரை நடத்தினார். போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி. 1946-இல் மீண்டும் தேர்தல் நடந்து ஆந்திர கேசரி பிரகாசம் முதல்வரானார். கட்சிக்குள் பிணக்கு ஏற்பட்டு, ஓராண்டுக்குள் அவர் விலக நேர்ந்தது. யாரைத் தலைவராக்குவது என்ற கேள்வி வந்தபோது, காமராசர் முதலானோரின் ஆதரவுடன் ஓமந்தூரார் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் அதற்காக ஓடித்திரியவில்லை. தயங்கியவரை மற்றவர்கள் இணங்க வைத்தார்கள் என்றே சொல்லப்படுகிறது. 1947 மார்ச் 23-ஆம் நாள் பதவியேற்றார். அக்காலத்தில் மாகாண முதல்வரைப் 'பிரதமர்' என்று அழைப்பது வழக்கம். இன்றைய தமிழ்நாட்டோடு ஆந்திரக் கரையோரம், மலபார், தென் கன்னடம், பெல்லாரி எல்லாம் சேர்ந்த பெரிய மாகாணம் அது. ஆளுநர் ஆர்ச்சிபால்ட் நை என்ற ஆங்கிலேயர். பதவியேற்ற ஐந்தாம் மாதம், ஆகஸ்ட் 15 அன்று, இந்தியா விடுதலை பெற்றது. ஆங்கிலேயர் காலத்துக் கடைசிச் சென்னைப் பிரதமரும், சுதந்திர இந்தியாவின் முதல் சென்னைப் பிரதமரும் இந்த ஓமந்தூர் உழவரேயாவார்.

கோயில் கதவு

இனிச் சிறுமியின் கேள்விக்கு வருவோம்.

நூற்றாண்டுகளாக, ஒடுக்கப்பட்ட சாதியினர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பெரிய கோயில்களுக்குள் செல்ல முடியாது. அந்தக் கோயில் மதிலுக்குக் கல் சுமந்தவர்களும், தேருக்கு வடம் பிடிக்க வந்தவர்களும், கோயில் நிலத்தை உழுதவர்களும் கோபுரத்தைத் தூரத்தில் நின்று கும்பிட்டுப் போனார்கள். சில ஊர்களில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவும் தடை. 1924-இல் கேரளத்து வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் போவதற்காக அல்ல, கோயிலைச் சுற்றிய வீதியில் நடப்பதற்காகவே நடந்தது என்பதை எமது பிள்ளைகள் அறிய வேண்டும்.

மாற்றம் படிப்படியாக வந்தது. 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னர் தம் நாட்டுக் கோயில்களைத் திறந்துவிட்டார். 1939 ஜூலை 8-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாதய்யர், ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த கக்கன் முதலானோரை அழைத்துச் சென்றார். பெரும் எதிர்ப்பு எழுந்தது. உள்ளே சென்றவர்களையும் திறந்தவர்களையும் வழக்கிலிருந்து காக்க இராஜாஜி அரசு அவ்வாண்டே சட்டம் செய்தது. ஆனால் அந்தச் சட்டத்தின்படி, வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று கண்டு, தர்மகர்த்தாக்கள் இணங்கினால் ஒரு கோயிலைத் திறக்கலாம். அதாவது, கதவின் சாவி இன்னமும் உள்ளே இருப்பவர்கள் கையிலேயே இருந்தது.

1947-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சாவியை எடுத்துவிட்டது. எந்தச் சாதியினராயினும் எல்லா இந்துக்களுக்கும் எந்த இந்துக் கோயிலிலும் நுழையவும், மற்றவர்கள் வழிபடுவது போலவே வழிபடவும் உரிமை உண்டு என்று அது சொன்னது. தடுப்பது குற்றமாயிற்று. வழக்கம் இப்படித்தான் என்று சொல்லித் தப்ப முடியாது. யாருடைய சம்மதமும் தேவையில்லை. முன்னையதும் இதுவும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒருவரை நாம் விரும்பினால் உள்ளே விடுவது வேறு, அவர் தம் உரிமையால் உள்ளே வருவது வேறு. முன்னதில் அவர் விருந்தாளி, பின்னதில் அவர் வீட்டுக்காரர்.

இதைக் கொண்டுவந்தவர் நாத்திகர் அல்லர். நாள்தோறும் வழிபடும் பக்தர், நிலமுடைய சாதியில் பிறந்தவர். கோயில்கள் மூடியிருந்ததால் அவர் எதையும் இழக்கவில்லை. திறந்ததால் அவருக்கு எந்த இலாபமும் இல்லை. தமக்கு வேண்டாத ஒன்றைப் பிறருக்காகச் செய்தார். ஆதலால் அவரைத் தூற்றியவர்கள் உண்டு. வைதிகத்தில் ஊறிய சிலர், பெரியாரைச் சுட்டி, 'தாடியில்லாத இராமசாமி நாயக்கர்' என்று அவரைப் பழித்தார்கள் என்பது தமிழ்நாட்டில் இன்றும் சொல்லப்படும் செய்தி.

அதே 1947-இல் மற்றொரு சட்டமும் நிறைவேறியது. சிறு பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக்கட்டும் வழக்கம் அதனால் தடை செய்யப்பட்டது. இதற்காக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927 முதல் சட்டசபையில் போராடினார். அந்தக் குலத்திலேயே வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பேசினார். 20 ஆண்டுகள் கழித்தே அவர்களின் உழைப்புக்குப் பலன் கிடைத்தது. ஆகவே சட்டத்தின் பெருமை முழுவதும் பிரதமர் ஒருவருக்கே உரியதன்று. பிறர் உழுது விதைத்ததை அறுவடை செய்யத் துணிந்தவர் அவர் என்பதே சரி.

கோயில் சொத்துக்களுக்கும் கணக்கு வேண்டும் என்று அவர் கருதினார். மடங்களையும் கோயில்களையும் முறைப்படுத்தும் மசோதா அவருடைய ஆட்சியில் உருவாகி, அவர் விலகிய பின் 1951-இல் இந்து சமய அறநிலையச் சட்டமாக நிறைவேறியது. பக்தியுள்ளவர்களிடம் கணக்குக் கேட்பதா என்று அன்றும் சிலர் கோபித்தார்கள்.

உழவருக்குச் செய்தது

ஜமீன் பகுதிக் குடிகளின் கஷ்டத்தைப் பற்றி முன்னே சொன்னோம். 1947-இல் ஜமீன் நிலங்களின் வாரத்தைக் குறைக்க ஒரு சட்டம் வந்தது. அருகிலுள்ள ரயத்துவாரி ஊரில் கட்டும் அளவுக்கு அதை இறக்குவதே நோக்கம். 1948-இல் ஜமீன் முறையையே ஒழிக்கும் சட்டத்தைச் சட்டசபை நிறைவேற்றியது. ஜமீன்தார்களுக்கு நஷ்டஈடு கொடுத்து, நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, உழுத குடிகளுக்குப் பட்டா கொடுக்க அது வழிசெய்தது. ஜமீன்கள் ஒவ்வொன்றாகச் சர்க்கார் கைக்கு வந்தபோது ஓமந்தூரார் பதவியில் இல்லை.

1948 அக்டோபர் 2, காந்தி ஜயந்தியன்று, மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1937-இல் சேலத்தில் இராஜாஜி தொடங்கியது அன்று முழுமை பெற்றது. கள்ளுக்கடை வருமானம் சர்க்காருக்குப் பெரும் வருமானம். அதை விட்டுக்கொடுப்பது எளிய முடிவல்ல. இன்னும் ஒரு செயல் எமக்கு நெருக்கமானது. மகாகவி பாரதியாரின் படைப்புகளின் உரிமையை 1949-இல் அரசு ஏற்றுக்கொண்டு பொதுமக்களுக்கு உரியதாக்கும் ஏற்பாடு அவர் ஆட்சியில் தொடங்கியது. இசைத்தட்டு உரிமையை வைத்திருந்த ஏ.வி. மெய்யப்ப செட்டியார் பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தார். எமது கலைவிழா மேடையில் பிள்ளைகள் யாரிடமும் அனுமதி கேளாமல் பாரதி பாடல்களைப் பாடுகிறார்களே, அந்தச் சுதந்திரத்தின் தொடக்கம் அங்கே இருக்கிறது.

குறைகளும் உண்டு

பெரியோரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது குறைகளை மறைத்துவிடுவது எம்மவரின் பழக்கம். அது பிள்ளைகளுக்கு நன்மை செய்யாது.

1948-இல் அவருடைய அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்க முனைந்தது. தமிழ்நாட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பலர் கைதானார்கள். அவ்வாண்டே திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படையையும் அரசு தடை செய்தது. கம்யூனிஸ்டுகள் மீதும் கடுமையான அடக்குமுறை இருந்தது. விடுதலைக்காகச் சிறை சென்றவர் மற்றவர்களைச் சிறைக்கு அனுப்பினார் என்பதும் அவருடைய வரலாற்றின் பகுதியே.

நிலச் சட்டமும் முழுமையானதன்று. பட்டா கிடைத்தது குடிவாரதாரருக்கு. அந்தக் குடியிடம் கூலிக்கு ஏர் பிடித்தவருக்கு, நாற்று நட்ட பெண்ணுக்கு, ஒரு காணி நிலமும் கிடைக்கவில்லை. கோயிலுக்குள் வர உரிமை பெற்ற அதே மனிதர், வயலில் கூலியாளாகவே நின்றார். ஒரு கதவைத் திறந்தவர் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடவில்லை.

விடைபெற்ற விதம்

அவருடைய ஆட்சி இரண்டு ஆண்டுகளே நடந்தது. காரணம் வெளிப்படையானது. அதிகாரிகள் தம் கடமையைச் சட்டப்படி செய்ய வேண்டும். கட்சிக்காரர்கள் சிபாரிசுக்கு வரக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். தம் ஊர்க்காரர், உறவினர், கட்சி நண்பர் என்று எவருக்கும் விலக்கில்லை. பல ஆண்டுகள் சிறையிருந்து வந்த தொண்டர்களுக்கும், தம் தொகுதிக்கு ஏதாவது செய்து காட்ட விரும்பிய உறுப்பினர்களுக்கும் இது கசந்தது. அவரைத் தலைவராக்கியவர்களே அவருக்கு எதிராக நின்றார்கள். 1949 ஏப்ரல் 6-ஆம் நாள் அவர் விலகினார். இராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா பொறுப்பேற்றார்.

தோற்றவர் தனிக் கட்சி தொடங்கவில்லை. வேறு பதவி கேட்கவில்லை. அரசு வீட்டை உடனே காலிசெய்து புறப்பட்டார் என்பார்கள். பிறகு வடலூருக்குச் சென்றார். 1867-இல் வள்ளலார் சத்திய தருமசாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டிய ஊர் அது. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றுவரை ஏழைகளுக்குச் சோறு பொங்குகிறது. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தையும் கல்விப் பணியையும் ஓமந்தூரார் நடத்தினார். மாகாணம் முழுவதையும் ஆண்டவர், பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று பார்க்கும் வேலையில் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். 1970 ஆகஸ்ட் 25-இல் மறைந்தார்.

சென்னை அண்ணா சாலையில் அவர் பெயரால் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் இருக்கிறது. அங்கே 2010-இல் திறந்த புதிய தலைமைச் செயலகக் கட்டடம் 2014-இல் மருத்துவமனையாயிற்று. ஊருக்குப் போகும் எமது குடும்பங்கள் பல அவ்வழியே போயிருப்பார்கள். அந்தப் பெயர் யாருடையது என்று பிள்ளைகள் கேட்டால் இனிச் சொல்லலாம்.

இது எமக்கு எதற்கு?

"அது இந்தியாவில் அந்தக் காலத்தில் நடந்தது" என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஈழத்திலும் 1957-இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வர வேண்டியிருந்தது. சட்டம் வந்த பின்னும், 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே விடும்படி கேட்டு அறப்போராட்டம் நடத்தினார்கள். எமது கோயிலுக்கு வரும் ஓர் அம்மம்மா, அன்றைய வகுப்பின் பின் எம்மிடம் மெல்லச் சொன்னார்: "எங்கட ஊரிலையும் சிலபேர் வெளிவீதியிலை நிண்டுதான் கும்பிட்டவை. நாங்கள் உள்ளுக்கை போகேக்கை அவையின்ரை முகத்தைப் பாத்ததில்லை, பிள்ளை." அவர் யாரையும் குறை சொல்லவில்லை. தம்மையே சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு அறுபது ஆண்டுகள் எடுத்திருக்கின்றன.

ஓமந்தூரார் பிறந்த அதே விழுப்புரம் மாவட்டத்தில், மேல்பாதி என்ற ஊரிலுள்ள திரௌபதி அம்மன் கோயிலை 2023 ஜூனில் அதிகாரிகள் பூட்டி முத்திரை வைத்தார்கள். ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே வருவதை மற்றவர்கள் எதிர்த்ததால் எழுந்த பிணக்கே காரணம். சட்டம் வந்து 76 ஆண்டுகள் ஆன பின்னர் நடந்தது இது. சட்டம் கதவைத் திறக்கும். மனத்தைத் திறக்க வேண்டியவர்கள் நாம்.

எமது கோயிலில் யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. அது உண்மை. ஆனாலும் நாம் எம்மையே சில கேள்விகள் கேட்டுப் பார்த்தோம். உபயகாரர் பட்டியலில் யாருடைய குடும்பங்கள் ஆண்டுதோறும் வருகின்றன? சமையற்கட்டில் உதவிக்கு வருபவர்களை நிர்வாகக் குழுவுக்கு வரும்படி என்றாவது கேட்டோமா? புதிதாக வந்து தனியே ஓரமாய் நிற்கும் குடும்பத்திடம், "எந்த ஊர்?" என்று கேட்கும்போது, ஊரை அறியக் கேட்கிறோமா, வேறு எதையோ அறியக் கேட்கிறோமா? இந்தக் கடைசிக் கேள்வியை எழுதும்போது எமக்கே கூசியது. எழுதாமல் விட மனம் வரவில்லை.

இன்னொன்று. பொதுக்கூட்டம் வரும்போதெல்லாம் எமது சங்கத்திலும் வாக்குவாதம் வருகிறது. பதவி கிடைக்காதவர் அடுத்த திருவிழாவுக்கு வருவதில்லை. பதவி கிடைத்தவர் கணக்குக் கேட்டால் கோபிக்கிறார். எமக்குள்ளும் இவை உண்டு, பிறரைச் சொல்லவில்லை. ஒரு மாகாணத்தையே ஆண்ட மனிதர், கேட்காமல் வந்த பொறுப்பை ஏற்று, தமக்கு வேண்டியவர்களுக்கு அல்லாமல் வெளியே நின்றவர்களுக்குப் பயன்படுத்தி, போகச் சொன்னபோது சாவியை வைத்துவிட்டுப் போனார். போன இடத்திலும் தொண்டை விடவில்லை. எமது சிறிய சங்கத்தின் சிறிய பதவிகளை அவ்வாறு வகிக்க எம்மால் முடியாதா?

அந்தச் சிறுமிக்கு இப்போது பதில் சொல்கிறோம். மகளே, கோயிலுக்குள் போவதற்குச் சட்டம் தேவைப்பட்டது சுவாமி தடுத்ததால் அல்ல. உள்ளே இருந்தவர்கள் தடுத்ததால். உள்ளே இருந்த ஒருவரே எழுந்து வந்து கதவைத் திறந்தார். நீயும் நாமும் இன்று உள்ளே இருக்கிறோம். வாசலில் யார் நிற்கிறார் என்று பார்ப்பது இனி எமது வேலை.

சொல் விளக்கம்

கிஸ்தி: தவணையாகக் கட்டும் நிலவரி.
பட்டா: நிலம் இன்னாருடையது என்று காட்டும் அரசுப் பத்திரம்.
வாரம்: நிலத்தை உழுபவர் நிலத்துக்கு உரியவருக்குக் கொடுக்கும் விளைச்சற் பங்கு அல்லது அதற்கு ஈடான பணம்.
தர்மகர்த்தா: கோயில் நிர்வாகப் பொறுப்பாளர். ஈழத்தில் சில கோயில்களில் முகாமையாளர் என்றும் சொல்வர்.
வெளிவீதி: கோயில் மதிலுக்கு வெளியே சுவாமி உலா வரும் வீதி.
மாகாணம்: ஆங்கிலேயர் ஆட்சியில் ஓர் ஆளுநரின் கீழ் இருந்த பெரும் நிலப்பகுதி.

பிள்ளைகளுக்கான வினாக்கள்

1. ரயத்துவாரி, ஜமீன்தாரி ஆகிய இரண்டு முறைகளில் உழுபவருக்கு எது நல்லது? ஏன்?
2. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை உன் சொந்த வசனத்தில் எழுது.
3. ஓமந்தூராரின் செயல்களில் நீ ஏற்காதது ஒன்றைக் கூறி, காரணமும் எழுது.
4. உன் தாத்தா பாட்டியிடம், அவர்கள் ஊர்க் கோயிலில் எல்லோரும் உள்ளே போக முடிந்ததா என்று கேள். அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, பத்து வரியில் எழுதிக் கொண்டு வா.

நான்காவது வினாவுக்குப் பெற்றோர் உதவ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பெரியவர்கள் முதலில் பேசத் தயங்கலாம். தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தால் பேசுவார்கள். பிள்ளைகள் எழுதிக் கொண்டுவருவதை வகுப்பில் வாசிப்போம். பெயர் வேண்டாம் என்பவர்களின் பெயரை எழுத வேண்டியதில்லை.